முன்பெட்டி அக்கா

என் பக்கத்து டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவளைச் சுரங்க ரயிலில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். முன்பெட்டி அக்கா. நகரத்துக்கு அடியில் ஓடுகிற இந்தப் பாதையில் முதன்முதலாக டிரைவர் இருக்கையில் உட்கார்ந்த பெண் அவள்தான். ஆண் டிரைவர்கள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். பிறகு அவள் வண்டியை நிறுத்துகிற விதத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். கம்பியைப் பிடித்து நின்றபடி தூங்குகிறவன்கூட விழிக்க மாட்டான், அவ்வளவு பதமாக நிறுத்துவாள்.

அவள் புருஷன் பின்பெட்டி. அதே வண்டியில் கார்டு. கடைசிப் பெட்டியில் நின்றுகொண்டு கதவுகளை மூடி, பிளாட்பாரத்தைப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் டிரைவருக்கு மணி அடிக்க வேண்டும். அதுதான் அவன் வேலை. இரண்டு பேரும் வேலையில்தான் பழகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

"ஒரே வண்டியில போறீங்க, ஆனா ஒரு வார்த்தை பேசிக்க முடியலையே அக்கா" என்று கிண்டல் செய்வோம்.

"அதனாலதான் சண்டையே வர்றதில்ல" என்பாள்.

பெருமையாகத்தான் சொல்வாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். மறைப்பானேன்.

மணி கேட்டதுமே வண்டியை எடுத்துவிடக் கூடாது. டிரைவரும் ஒரு தடவை பக்கவாட்டுக் கண்ணாடியில் பிளாட்பாரத்தைப் பார்க்க வேண்டும், பிறகுதான் எடுக்க வேண்டும். விதி அப்படி. மற்ற கார்டுகளோடு போகும்போது அக்கா அதை ஒழுங்காகச் செய்வாள். பின்னால் புருஷன் இருக்கிற நாட்களில் மட்டும் கண்ணாடிப் பக்கம் திரும்பவே மாட்டாள். மணி கேட்கும், வண்டி நகரும். ஏன் இப்படி என்று ஓய்வறையில் ஒருத்தர் கேட்டார். "நானும் ஒரு தடவ பார்த்தா, அவர நம்பலன்னு ஆயிடாதா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். கண்ணாடியைப் பார்க்காமல் இருப்பதும் ஒரு அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பைத்தியக்காரி.

அப்படித்தான் ஒரு காலை நேரத்து நெரிசலில், வளைவான நிலையத்தில், மணி கேட்டு வண்டியை எடுத்தாள். கடைசிப் பெட்டியின் கதவில் ஒரு பள்ளிக்கூட டீச்சரின் கைப்பை வார் மாட்டிக்கொண்டிருந்தது. வண்டி அந்த அம்மாளைப் பிளாட்பாரத்தோடு இழுத்துக்கொண்டு போனது. நல்லவேளை, வார் அறுந்தது. விழுந்ததில் கை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை.

விசாரணை அறையில் நடந்ததை அக்காதான் எனக்குச் சொன்னாள். பெல் கேட்டது, வண்டியை எடுத்தேன், கண்ணாடியைப் பார்க்காதது என் தப்பு என்று இவள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். அடுத்து அவனைக் கேட்டார்கள்.

"நான் பெல் அடிக்கல சார். வார் மாட்டியிருக்கறதப் பார்த்துட்டு கதவத் திறக்கப் போனேன். அதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு."

அந்த மணி டிரைவரின் அறைக்குள் மட்டும்தான் கேட்கும். பழைய வண்டி, பதிவு செய்கிற கருவி எதுவும் கிடையாது. அடித்தவன் ஒருத்தன், கேட்டவள் ஒருத்தி. மூன்றாவது சாட்சிக்கு எங்கே போவது?

அக்கா திரும்பி அவனைப் பார்த்திருக்கிறாள். அவன் தலையைக் குனியவில்லையாம். அவளைப் பார்த்து ரொம்பப் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தானாம். அதிகாரி மறுபடி கேட்டபோது, "கேட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். இன்னொரு தடவை கேட்டபோது, "கேக்காமலும் இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று எனக்குக் கோபம் வந்தது.

"அவரு பொய் சொல்ல மாட்டாரும்மா. அப்போ என் காதுதான் பொய் சொல்லியிருக்கணும்."

அவளை வண்டியிலிருந்து இறக்கி என் பக்கத்து ஜன்னலில் உட்காரவைத்தார்கள். அவன் பழையபடி பின்பெட்டியிலேயே இருந்தான். அவள் வேலையில் குறையே வைக்கவில்லை. ஆனால் காலுக்குக் கீழே வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் அவள் வலது கை மேசை விளிம்பைப் பிடித்து மெல்லத் தளர்த்தும். பிரேக் போடுகிற கை. நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவனும் கூடப் போய் வாசலில் நின்றான். நாளாக ஆக, அவளுக்குத் தன் காது மேல் இருந்த சந்தேகம் முற்றிவிட்டது. வீட்டில் குக்கர் சத்தம் கேட்டால் எழுந்து போய்த் தொட்டுப் பார்ப்பாளாம். ஒருநாள் அவனே லீவு போட்டு அவளைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனான். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்களாம். அவன் வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தானாம். காது பிரமாதமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் அதைச் சொல்லும்போது அக்கா அழுதுவிட்டாள். "காது நல்லாத்தான் இருக்குன்னா, அடிக்காத பெல்லு எனக்கு எப்படிக் கேட்டுச்சு? அப்போ கோளாறு மண்டைக்குள்ளதான?"

அதற்கும் ஒரு டாக்டர், அதற்கும் மாத்திரை. மாத்திரை போட்டவள் மதியமானால் கண்ணைத் திறக்க முடியாமல் தவிப்பாள். சாப்பாட்டு டப்பாவை அவன் கொண்டுவந்து தருவான். மாத்திரையைக் கையில் எடுத்து வைத்து, தண்ணீரும் ஊற்றிக் கொடுப்பான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு தங்கமான மனுஷனா என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் வாயில் மண்ணைப் போட.

கூட்டமில்லாத ஒரு மதியம், டிக்கெட் அறையின் பின்பக்கத்தில் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். டாக்டர் இன்னும் பலமான மாத்திரை எழுதப்போவதாகவும், தேவைப்பட்டால் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதாகவும் அக்கா சொன்னாள். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அதெல்லாம் வேணாம். உனக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா இப்படி இருக்கேன்?"

"நான் பெல் அடிச்சேன். உனக்குச் சரியாத்தான் கேட்டுது. போதுமா?"

அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான். அவளைச் சமாதானப்படுத்துவதாகத்தான் நினைத்திருப்பான்.

"அன்னைக்கு நான் வாரைப் பார்க்கல. பார்க்காம அடிச்சிட்டேன். அதச் சொல்லியிருந்தா என்னை வீட்டுக்கே அனுப்பியிருப்பாங்க. நீ சீனியர், உனக்கு எப்படியும் ஒரு ஜன்னலாவது குடுப்பாங்கன்னு தெரியும். நம்ம குடும்பத்துக்காகத்தான சொன்னேன்? இது வெளிய போகாம இருந்தா சரி, மறந்துடு."

அதுவரை அக்கா அவனை நீங்க என்றுதான் கூப்பிடுவாள். அன்றுதான் முதல் தடவையாக அது மாறியது.

"காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனியே. நான் உள்ள உக்காந்து கையத் தூக்கித் தூக்கிக் காட்டினேனே. அப்பவும் உனக்குத் தெரியுமா?"

அவன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மாத்திரைய எடுத்துக் குடுத்தியே, அப்பவும்?"

"நீ ரொம்ப நம்பிட்ட. எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றான்.

கையில் இருந்த டீயை அவன் மூஞ்சியில் ஊற்றியிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று போனான்.

"வாங்கக்கா, இப்பவே மேலதிகாரிகிட்ட போவோம். நான் சாட்சி சொல்றேன்" என்றேன்.

"போய் என்னம்மா சொல்றது? கேக்காமலும் இருந்திருக்கலாம்னு நான்தான சொன்னேன்? அப்புறம் மூளைக்கு மாத்திரை வேற சாப்பிட்டிருக்கேன். மாத்திரை சாப்பிடறவள வண்டில ஏத்துவாங்களா? நீ என் சிநேகிதி, உன் சாட்சி எடுபடுமா?"

இருந்தும் விடாமல் இழுத்துக்கொண்டு போனேன். அவள் சொன்ன அதே வார்த்தைகளை, அதே வரிசையில், அந்த மேலதிகாரி எங்களிடம் சொன்னார். அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்படி எதுவும் சொல்லவில்லை என்று மறுபடியும் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டான். அன்று சாயங்காலம் அக்கா எதிர்த்திசை வண்டியில் ஏறித் தங்கை வீட்டுக்குப் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மாத்திரையை நிறுத்திவிட்டாள். முகம் தெளிந்திருக்கிறது, என்னோடு சண்டைகூடப் போடுகிறாள்.

ஆனால் எங்கள் ஜன்னலில் போன் அடித்தால் உடனே எடுக்க மாட்டாள். என் முகத்தைப் பார்ப்பாள். "அடிக்குதுக்கா" என்று நான் சொன்ன பிறகுதான் கையை நீட்டுவாள்.