மூடச் சொன்ன மொழி

என் மகள் தஞ்சாவூரில் கடைசி வருடம் படிக்கும்போது, கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுத ஒரு சின்ன மொழியைத் தானே உண்டாக்கினாள். வயலுக்குத் தண்ணீர் வைப்பதற்கான மொழி, எல்லாம் தமிழ்ச் சொற்கள். கல்லூரியில் அதற்கு நிபந்தனைகள் போட்டிருந்தார்கள். எழுதுவது எதுவானாலும் ஒரு முடிவுக்கு வந்து நிற்க வேண்டும். எதையும் திறந்தவனே மூட வேண்டும். கம்ப்யூட்டர் பழகாத ஒருவர் உதவியில்லாமல் அதில் எழுதிக் காட்ட வேண்டும். அந்த ஒருவராக என்னைப் பிடித்தாள்.

"நான் அஞ்சாவதோட நின்னவன் பாப்பா."

"அதனாலதாம்ப்பா. உங்கள விட்டா இந்த ஜில்லாவுலயே ஆளு கிடைக்காது."

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் எழாது. இதில் தேறாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும் என்பதால் போனேன்.

ஏசி அறை. கதவைச் சாத்தினார்கள். மகள் சுவரோரம் நின்றாள். அவள் பேசக் கூடாது.

"வயலுக்கு எப்படித் தண்ணி வைப்பீங்களோ, அப்படியே எழுதுங்க ஐயா" என்றார் ஓர் ஆசிரியை.

எழுத்தைத் தேடித் தேடித் தட்டினேன். மடையைத் திற. நிரம்பும் வரை காத்திரு. அவ்வளவுதான் என் வேலை. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: திறந்த மடை மூடப்படவில்லை.

என் மடையை நான் மூடியதே கிடையாது. எங்கள் வாய்க்காலில் முறைத் தண்ணீர். என் முறை முடிந்ததும் அடுத்த வயல்காரர் மண்வெட்டியோடு வந்து, என் மடையை அடைத்துவிட்டுத் தன் மடையை வெட்டிவிடுவார். அவர் வருமுன் நான் அடைத்தால் தண்ணீர் போக வழியில்லாமல் கரை உடைந்துவிடும். அவர் வரும்வரை வரப்பில் நிற்பதுதான் வழக்கம். அந்த மொழியில் அடுத்த ஆளுக்குச் சொல்லே இல்லை.

இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதே சிவப்பு வரி. எழுந்து போகவும் முடியாது. மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடு என்று தட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது.

"சுலபமா இருந்துச்சா ஐயா?"

"ஆமாங்க."

பஸ்ஸில் மகள் கேட்டாள், "ஏம்ப்பா அவ்வளவு நேரம் முழிச்சீங்க?" சொன்னேன். பூதலூர் நிறுத்தத்தில் என் பக்கம் திரும்பினாள்.

"காலேஜ்ல கேட்டு மாத்தலாம்ப்பா. ஆனா நீங்க திரும்ப அங்க வந்து எழுதிக் காட்டணும். வர்றீங்களா?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும் பாப்பா" என்றேன்.

அவள் தேறிவிட்டாள். மொழி அப்படியேதான் இருக்கிறது.