அம்மா நிற்கும் கேட்

மெக்கானிக்கல்தான் என் படிப்பு. கூடுதலாகச் சில பாடங்கள் எடுத்தால் சைபர் செக்யூரிட்டியில் ஒரு மைனர் பட்டமும் சேர்த்துத் தருவார்கள் என்று கல்லூரியில் சொன்னபோது முதல் ஆளாகக் கை தூக்கினேன். வீட்டில் சொன்னதும் அம்மா சிரித்தாள். "மைனருன்னா கழுத்துல செயின் போட்டுக்கினு சுத்துவானே, அவனா?"

அவளும் செக்யூரிட்டிதான். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் காக்கி உடுப்போடு நின்று, வேலைக்கு வரும் பெண்களின் பையைச் சோதித்து, செல்போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அனுப்ப வேண்டும். ஏஜென்சி மூலம் சேர்ந்த வேலை. ஒரு புகார் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா இல்லாத வீட்டில் அந்த வேலைதான் எங்களுக்குச் சோறு.

மைனரில் எனக்குப் பிடிக்காமல் போனது ஒரே ஒரு பாடம், ஆட்களை ஏமாற்றி உள்ளே நுழைவது எப்படி என்பது. பூட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும் அதைத் திறந்துவிட ஓர் ஆள் இருப்பார், அவரைப் பிடி என்பார்கள். இதற்குச் செய்முறைப் பயிற்சியும் உண்டு. பக்கத்துக் கம்பெனிகள் சிலவற்றின் மேலதிகாரிகளிடம் பாடம் நடத்தும் சார் அனுமதி வாங்கியிருந்தார். நாங்கள் அடையாள அட்டை இல்லாமல் கேட்டைத் தாண்டிக் காட்ட வேண்டும். கேட்டில் நிற்பவர்களுக்கு மட்டும் விஷயம் தெரியாது. எந்தக் குழு எங்கே போகிறது என்பதும் பரம ரகசியம். எங்கள் குழு வல்லம் வடகாலில் ஒரு கேட்டில் அசடு வழிந்து திரும்பி வந்தது.

அந்த வாரம் சாப்பிடும்போது அம்மா சொன்னாள். "பாவம்டி, ஒரு பொண்ணு வயித்தப் புடிச்சிக்கினு ரோட்டுல நிக்குது. பாத்ரூம் போணும்னுச்சு. உள்ள வுட்டேன். என் பையில இருந்த பேடையும் குடுத்தேன்."

அந்த ரோட்டில் பெண்கள் ஒதுங்க இடமே கிடையாது. ஷேர் ஆட்டோவுக்கு நிற்பவர்கள் அவஸ்தைப்பட்டால் கேட்டில் இருக்கும் அக்காக்களைக் கண்ணாலேயே கேட்பார்கள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியதும் அக்காக்கள் பாத்ரூமைக் கைகாட்டுவார்கள். எந்த விதியிலும் இல்லாத வழக்கம், ஆனால் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது செய்தியாகவே படவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

மறுவாரம் வகுப்பில் ஒவ்வொரு குழுவும் தன் சாதனையைத் திரையில் காட்டியது. ஒரு படத்தில் காக்கி உடுப்பில் ஒரு பெண். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். வலது மணிக்கட்டில் சுற்றிய மஞ்சள் கர்ச்சீப்பை நான் தினமும் துவைத்துக் காயப்போடுகிறேன். "வயித்து வலின்னு சொன்னேன், அவ்ளோதான்! பேட் வேற குடுத்தாங்க," என்றாள் அந்தக் குழுவின் பெண். வகுப்பே சிரித்தது. எழுந்து போய் அவள் முடியைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

வகுப்பு முடிந்ததும் சாரிடம் போனேன். "சார், அது எங்கம்மா. ரிப்போர்ட்ல அந்தக் கேட்டை எடுத்துடுங்க."

அவருக்கு முகம் வாடிவிட்டது. "பேர் எதுவும் போடலையேம்மா. முகத்தையும் மறைச்சாச்சு."

"பேரை எடுத்துட்டா மட்டும் ஆள் மறைஞ்சிட மாட்டாங்கன்னு நீங்கதானே சார் நடத்துனீங்க? அந்த ஷிஃப்டுல அந்தக் கேட்டுல லேடி செக்யூரிட்டி ஒருத்தங்கதான்."

"ரிப்போர்ட் நேத்தே கம்பெனிக்குப் போயிடுச்சும்மா," என்றார்.

ஏஜென்சிக்காரரிடம் அம்மா கெஞ்சிக் கூத்தாடினாள். இன்னொரு தடவை நடந்தால் வேலை கிடையாது என்று சொல்லி வேறு கம்பெனி கேட்டுக்கு மாற்றினார்கள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உன் கிளாஸ் பொண்ணா அது? அப்போ வலியே இல்லியா அதுக்கு?"

"இல்லம்மா."

"நல்லாத்தான் நடிச்சிகீது," என்றாள். பிறகு கைப்பையிலிருந்த பேட் பாக்கெட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அதன் பிறகு ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொடுக்கப் புதுக் கேட்டுக்குப் போனேன். எனக்கு அன்று மாதவிலக்கு. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோ வெகுநேரம் மாட்டிக்கொண்டதில் நிற்கவே முடியவில்லை.

"அம்மா, பாத்ரூம் போணும். ரொம்ப முடியல."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலைக்கு மேலிருந்த கேமராவைப் பார்த்தாள். "ஐடி கார்டு இல்லாம யாரையும் வுடக் கூடாது. அப்பால பெட்ரோல் பங்க் கீது, போ."

"அம்மா, நான்மா."

"தெரியுது. போ."

குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. டிபன் பாக்ஸை நீட்டினேன். அவள் அதை வாங்கி, மூடியைத் திறந்து, சாதத்தை ஸ்பூனால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைத்தாள்.