நீலக் கேனும் மஞ்சள் கட்டமும்

என் அலுவலக மேசைக்கு அடியில் ஒரு நீலத் தண்ணீர்க் கேன் மூன்று வருடமாக இருக்கிறது. கைப்பிடி உடைந்த இடத்தில் வலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய கேன். வருகிறவர்கள் அதில் காலை இடித்துக்கொண்டு, “இது எதுக்கு மேடம் இங்க?” என்று கேட்பார்கள். ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். அது எங்கள் பல்கலைக்கழக வாசலில் காவல் இருந்த கேட் அண்ணனுடையது. அவர் சொந்தமாக வாங்கியது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

எங்கள் வளாகம் எண்ணூர் போகும் சாலையில் இருக்கிறது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நாளெல்லாம் அங்கே நிற்கும். நடுவில் கொஞ்சம் இடம் விட்டால் பின்னாலிருந்து எவனாவது மூக்கை நுழைத்துவிடுவான். அப்புறம் அரை நாள் போச்சு. அதனால் எங்கள் வாசலையும் அடைத்துக்கொண்டுதான் நிற்பார்கள். எதிர்ப்பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கும் மாணவிகள் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குனிந்து, லாரியின் சக்கரங்களுக்கு நடுவே புகுந்து வருவார்கள். நானும் சாப்பாட்டுப் பையோடு அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் நான் அடியில் இருக்கும்போதே தலைக்கு மேல் இன்ஜின் உறுமியது. சாப்பாட்டுப் பையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

கேட் அண்ணன் வந்த பிறகுதான் அது மாறியது. காசிமேட்டுக்காரர். படகில் போய்க்கொண்டிருந்தவர், தோளில் அடிபட்டதும் கடலை விட்டுவிட்டு செக்யூரிட்டி கம்பெனியில் சேர்ந்திருந்தார். அவர் யாரையும் விரட்டவில்லை. வாசல் குழாயில் அந்தக் கேனை நிரப்பி, நல்ல தோளில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு லாரியாகப் போய் டிரைவர்களின் பாட்டில்களில் ஊற்றினார். வரிசை எப்போது நகரும் என்று தெரியாமல், இறங்கவும் முடியாமல் வெயிலில் வெந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். ஒரே வாரத்தில் எங்கள் வாசலுக்கு நேராக ஒரு பஸ் புகும் அளவுக்கு இடம் விட்டு நிற்க ஆரம்பித்தார்கள். அந்த இடத்தில் வேறு லாரி புகுந்துவிடாமல் அண்ணன் விசிலோடு நடுவில் நின்று பார்த்துக்கொள்வார். நான் வியந்து கேட்டபோது சிரித்தார். “இதுல இன்னா கீது தங்கச்சி? அவன் எறங்க முடியாம குந்திகினு கீறான். நாம தண்ணி குடுக்கறோம், அவன் வழி வுடறான். நீ பயப்படாம போம்மா.”

அந்தச் சமயத்தில்தான் வளாகப் போக்குவரத்தை மேம்படுத்த ஒரு குழு போட்டார்கள். அதன் தலைவர் ஒரு பேராசிரியர். குழுவுக்குத் தட்டச்சு வேலை செய்தது நான். உள்ளே ஒருவழிப் பாதை, பேட்டரி வண்டி, வண்டி நிறுத்த நிழற்கூரை என்று என்னென்னவோ பேசினார்கள். வாசலைப் பற்றிப் பேச்சு வந்தபோது அந்த இடைவெளி எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நான்தான் சொன்னேன். கேன்டீனில் டீ ஆறிப்போகும் வரை, ஒன்றுவிடாமல், என் சொந்த அண்ணனைப் பற்றிச் சொல்வதுபோலப் பெருமையாகச் சொன்னேன். பேராசிரியர் நோட்டில் குறித்துக்கொண்டார். “இவருக்கு ஆண்டு விழா மேடையில ஒரு பாராட்டுச் சான்றிதழ் குடுக்கணும்மா” என்றார். நான் ஓடிப்போய் அண்ணனிடம் அதையும் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

விழா நாளன்று அண்ணன் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து, முகம் மழித்து வந்திருந்தார். வீட்டில் சான்றிதழ் மாட்ட ஆணிகூட அடித்துவிட்டதாகச் சொன்னார். அதற்குச் சில நாள் முன்பு வாசலுக்கு எதிரே தார்ச்சாலையில், வண்டிகள் நிற்கக் கூடாத இடம் என்று பெரிய மஞ்சள் கட்டம் ஒன்று வரைந்திருந்தார்கள். மேடையில் அந்தக் கட்டத்தைத்தான் பாராட்டினார்கள். கட்டம் போட்டதால் லாரிகள் விலகி நிற்கின்றன என்று படம் போட்டுக் காட்டினார்கள். கேடயம் பேராசிரியருக்கு. அண்ணன் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார். என்னால் தட்ட முடியவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அடுத்த வாரம் பேராசிரியர் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னார். வளாகக் குடிநீரை வெளியாட்களுக்கு வழங்கும் காவலரை மாற்ற வேண்டும் என்று செக்யூரிட்டி கம்பெனிக்கு எழுதிய கடிதம். பாதியில் நிறுத்தினேன். “சார், இது...” என்றேன். “வளாகத்தை ஆய்வு பண்ண ஆள் வர்றாங்கம்மா. ஃபைல்ல ஒரு லெட்டர் இருக்கணும், அவ்வளவுதான். அனுப்பவே போறதில்ல. என் மேல நம்பிக்கை இல்லையா?” என்றார். நம்பினேன். எங்கள் அலுவலக வழக்கப்படி, கடிதத்தின் கீழே ஓரமாக, தட்டச்சு செய்தவர் என்று என் பெயரின் முதலெழுத்துகளையும் போட்டேன். கடிதம் அன்றைக்கே போய்விட்டது. ஆய்வுக்கு வருகிறவர்கள் கண்ணில் கேனோடு ஒரு மனிதர் பட்டால் மஞ்சள் கட்டத்தின் கதை என்ன ஆகும்? இது எனக்குக் காலம் கடந்துதான் உறைத்தது. பேராசிரியர் நயமான குரலில் பேசி, என்னைக் கொண்டே என் அண்ணனை வெளியேற்றிவிட்டார்.

மறுநாள் அண்ணன், கம்பெனியில் கொடுத்த அந்தக் கடிதத்தின் நகலோடு என் மேசைக்கு வந்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். விரலை வைத்து ஓரத்தைக் காட்டினார்.

“இது உன் எழுத்துதானே தங்கச்சி?”

அனுப்ப மாட்டேன் என்றுதான் பேராசிரியர் சொன்னார் என்று என்னென்னவோ உளறினேன். அவர் முழுக்கக் கேட்டார். “சரி வுடு” என்று சொல்லிப் போய்விட்டார். வாசலில் அவர் விட்டுப்போன கேனை, எப்படியும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்தேன். கொடுக்கப் போகும் தைரியம் மூன்று வருடம் வரவில்லை.

போன வாரம், எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் அவர் காவல் இருப்பதாக டீக்கடைக்காரர் சொன்னார். கேனை ஸ்கூட்டரின் கால்மாட்டில் வைத்துக்கொண்டு போனேன். தலை நரைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த மரியாதையே எனக்குக் குத்தியது. கேனை நீட்டினேன். கயிறு கட்டிய இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார்.

“வாணாம் மேடம். காலேஜுல கெடந்த பொருளு. நான் எடுத்துகினு வந்துட்டேன்னு இன்னொரு லெட்டர் வரப்போவுது.”

“அண்ணே, இது உங்களோடது.”

“அது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்” என்றார். பிறகு சாலையில் இறங்கி, வந்துகொண்டிருந்த ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தி, நான் திரும்ப வழி செய்தார். “போங்க மேடம்.”

எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, மஞ்சள் கட்டத்தின் மேலேயே ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. இரண்டு மாணவிகள் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு அதன் அடியில் குனிந்தார்கள். நான் அடித்த ஹாரனுக்கு டிரைவர் தலையை வெளியே நீட்டி, என் கால்மாட்டைப் பார்த்தார்.

“மேடம், கேன்ல தண்ணி இருக்கா?”

“காலி” என்றேன். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.