நாரி நிமிர்த்துகிறவள்

லண்டன் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓவியக்கூடத்துக்குக் கூட்டிப்போன அன்றுதான் அது என் தலைக்குள் பற்றிக்கொண்டது. நூறு வருசத்துக்கு முந்திய பிரெஞ்சு ஓவியம். வெயில் வழியும் வயலில் பெண்கள் குனிந்து உருளைக்கிழங்கு பொறுக்குகிறார்கள். ஒருத்தி மட்டும் இடுப்பில் கைவைத்து, முகத்தை உயர்த்தி நிற்கிறாள்.

"வேலையை மறந்து வானத்தை ரசிக்கிறாள்," என்றார் எங்கள் ஓவிய ஆசிரியை.

"இல்லை மிஸ், அவளுக்கு நாரி நோகிறது," என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன்; நாரி என்பது எங்கள் ஊர்ப் பேச்சில் இடுப்பின் பின்பக்கம். வகுப்பே சிரித்தது.

சிரிக்கட்டும். பன்னிரண்டு வயதுவரை யாழ்ப்பாணத்தில் எங்கள் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கியவள் நான். ஒரு பாத்தி முடிந்தால் யாரும் அப்படித்தான் நிமிர்வார்கள், இரண்டு கையையும் நாரியில் ஊன்றி, நாடியைத் தூக்கி. கண் வானத்தில் கிடக்கும். ஒன்றையும் பார்க்காது.

பரீட்சைக்குக் கொடுக்கவேண்டிய கட்டுரையின் முதல் படியிலும் அதையே எழுதினேன். ஆசிரியை அந்தப் பந்தியின் குறுக்கே பென்சிலால் கோடு இழுத்தார். ஒளியைப் பற்றி எழுது, தூரிகையைப் பற்றி எழுது, நாரிநோவுக்கு ஆதாரம் எங்கே? இது இருந்தால் 'ஏ' வராது, 'ஏ' இல்லாமல் நீ கேட்கிற ஓவியக் கல்லூரியில் இடமும் வராது என்றார்.

ஆதாரம்தானே? டூட்டிங் தமிழ்க் கடையில் ஐந்து கிலோ சின்ன வெங்காயம் வாங்கிவந்து எங்கள் வீட்டு ஹோல் கம்பளத்தில் வரிசையாகப் பரப்பினேன். மரக்கறி பொதிசெய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த அண்ணை கதவடியிலேயே நின்றுவிட்டார்.

"என்னடி இது, வீட்டுக்குள்ள தோட்டமோ?"

"பொறுக்குங்கோ அண்ணை. இருவது நிமிசம். குந்தக் கூடாது, குனிஞ்சுதான்."

"உனக்கு விசர். லண்டனுக்கு வந்தும் வெங்காயமோ?"

"ஏலாதெண்டால் விடுங்கோ. வயசு போட்டுது போல."

"ஆருக்கடி ஏலாது?"

குனிந்தார். நான் கொப்பியும் கரித்துண்டுமாகக் காத்திருந்தேன். பதின்மூன்றாவது நிமிடம், "ஐயோ, என்ரை நாரி!" கைகள் பின்னால் போயின, நாடி உயர்ந்தது, கண் சீலிங்கில் போய் நின்றது. எங்கள் சீலிங்கில் ரசிக்க இருந்தது ஈரக்கறை ஒன்றுதான்.

"அசையாதேங்கோ!" என்று கத்திக்கொண்டே வரைந்தேன்.

ஆசிரியை அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "நல்ல கோடு. ஆனாலும் பந்தியை எடுத்துவிடு," என்றார். எடுக்கவில்லை. படத்தையும் பந்திக்குப் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தேன். 'பி' வந்தது. கல்லூரியும் கையை விரித்தது. அடுத்த வருசம் திரும்பவும் கேட்பேன், ஒரு சொல் வெட்டாமல்.

அதற்குள் ஒரு பெரிய படம் வேண்டும். அண்ணையின் தொழிற்சாலையில் குனிந்து பொதிகட்டுகிறவர்களைச் சனிக்கிழமை அரை மணிநேரம் நின்று வரைய மேற்பார்வையாளர் விட்டிருக்கிறார். அங்கே வெயில் கிடையாது. டியூப் லைட் மட்டும்தான், நிழல் விழாத வெளிச்சம். அந்த ஓவியனுக்குச் சூரியன் துணை நின்றது. நிழல் இல்லாமல் ஒரு முதுகின் பாரத்தை எப்படிக் காட்டுவதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முதலில் நிழலுக்குப் பதிலாக எல்லா முதுகுக்கும் நீலம் போட்டுப் பார்க்கப்போகிறேன்.