கீழே விழுந்த சாம்பிள்

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பெரிய காந்தம் இருக்கும் தொட்டிக்குத் திரவ நைட்ரஜன் நிரப்புவதும், மேசைகளைத் துடைப்பதும் என் வேலை. வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை என்பதால், எதிலும் மாட்டிக்கொள்ளாமல் ஒதுங்கியே இருப்பேன்.

போன வருடம் மேசையைத் துடைக்கும்போது என் முழங்கை பட்டு ஒரு டப்பா கீழே விழுந்து திறந்துகொண்டது. உள்ளே இருந்தது நகம் அளவு சாம்பிள். அதன் மேல் ஒரே ஓர் அணு கனத்தில் கரித்தகடு ஒட்டியிருக்கிறது என்று, அதை வைத்து ஆராய்ச்சி செய்யும் பெண் சொல்லியிருக்கிறார். ஓரத்தில் கீறல், நடுவில் தூசி. இடுக்கியால் எடுத்து டப்பாவில் வைத்து மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அந்தப் பெண் அதற்குக் கம்பி ஒட்டித் தொட்டிக்குள் இறக்கினார். காந்தத்தின் பலம் கூடக்கூட, தகட்டின் குறுக்கே எவ்வளவு மின்தடை என்று திரையில் ஒரு கோடு ஏறும். ஏறிய கோடு ஓரிடத்தில் படி போலத் தட்டையாக நின்றது. பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு ஓம். முந்தைய சாம்பிளுக்கும் அதே எண்தான். அதற்கு முந்தியதற்கும் அதுவேதான்.

கீறல் விழுந்ததற்கு எப்படி அதே எண் வரும்? முன்பு நான் செல்லூரில் ஒரு தறிப்பட்டறையில் இருந்தேன். அங்கே துணி மடிக்கிறவர் எல்லாத் துணிக்கும் ஒரே நீளம் எழுதுவார். அளக்காமலே எழுதுகிறார் என்பது ஒருநாள் தெரிந்துபோயிற்று. இந்தப் பெண்ணும் அதே ரகம் என்று முடிவு கட்டினேன். அவர் விசைப்பலகையில் கை வைத்தாலே எட்டிப் பார்த்தேன். கூட வேலை பார்ப்பவர் அதைக் கவனித்துவிட்டார்.

"என்ன மாப்ள, ஒரே மேசைய எம்புட்டு நேரந்தான் துடைப்ப? காந்தம் ஒன்னையும் இழுக்குதோ?"

அந்தப் பெண் பொய் எண் எழுதுகிறார் என்று மேலே சொன்னால், சாம்பிளைப் போட்டவன் நான் என்பது தெரிந்து வேலை போகும். சொல்லாமல் இருந்து அவர் பிடிபட்டாலும், அங்கே இருந்தவன் யார் என்று கடைசியில் என்னிடம்தான் வருவார்கள். பத்து நாள் இந்தக் கணக்கிலேயே ஓடியது. பிறகு தலையைக் குனிந்துகொண்டே அவரிடமே சொன்னேன்.

"மேடம், அந்த சாம்பிளக் கீழ போட்டது நாந்தான். ஓரத்துல கீறல் இருக்கு. அதுக்கும் எப்படி அதே நம்பர் வருது?"

அவர் சாம்பிளை வெளியே எடுத்து உருப்பெருக்கியில் கீறலைப் பார்த்தார். மறுபடி உள்ளே இறக்கினார். குளிர்ந்து முடிய சாயங்காலம் ஆயிற்று. பொத்தானை என்னையே அழுத்தச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோடு ஏறியது. அதே இடத்தில் நின்றது.

"எலக்ட்ரான் ஓரமாத்தாண்ணே ஓடும். கீறல் இருந்தா அதச் சுத்திக்கிட்டுப் போயிரும். நடுவுல அழுக்குல சிக்குனது அங்கனயே சுத்திக்கிட்டுக் கெடக்கும். அழுக்கு இருக்கப்போயித்தான் இந்தப் படி இம்புட்டு அகலமா நிக்குது. ஒசரம் மட்டும் மாறாது."

பாதி புரிந்தது. அவர் பொய் எழுதவில்லை என்பது மட்டும் முழுதாகப் புரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டார்:

"இதுக்கு முன்னாடி எத்தனை விழுந்துச்சுண்ணே?"

இது ஒன்றுதான் என்றேன். உண்மையும் அதுதான். பத்து நாளாக நான் அவரைப் பார்த்த பார்வையை அவர் என் மேல் திருப்பினார்.

மேலே யாரிடமும் அவர் சொல்லவில்லை. இந்த வருடமும் வேலையைப் புதுப்பித்துவிட்டார்கள். ஆனால் டப்பாக்கள் எல்லாம் அலமாரிக்குப் போய்விட்டன, சாவி அவரிடம். நான் மேசை துடைக்க வந்தால், திரையில் கோடு ஏறிக்கொண்டிருக்கும்போதுகூட அவர் என் முழங்கையைத்தான் பார்க்கிறார்.