காரமா கீதா?

கும்மிடிப்பூண்டியில் மாலை ரயில் ஏறினால் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்வோம். அவருக்கு இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. நரைத்த மீசை, நீலச் சட்டையெங்கும் தீப்பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். பெயர் கேட்டதில்லை, அண்ணா என்றே கூப்பிடுவேன்.

கவரைப்பேட்டையில் பஜ்ஜிக்காரர் ஏறியதும் மிளகாய் பஜ்ஜி வாங்கி என்னிடம் கொடுப்பார். அவர் தொடமாட்டார். நான் கடித்ததும் கேட்பார், "காரமா கீதா?"

ஒருநாள் காரணம் சொன்னார். "நெஞ்செரிச்சல வருஷக்கணக்கா கண்டுக்காம உட்டேன் நைனா. ஆசிட் ஏறி ஏறி உணவுக்குழாய் உள்தோலே மாறிப்போச்சாம். பேரட்டுனு இன்னாவோ பேரு. கேன்சராயிடக் கூடாதுன்னு அப்பப்ப கேமரா உட்டுப் பாக்கறாங்க. நாளைக்குக் கூட போணும்."

அன்றும் நான் பஜ்ஜியைக் கடித்ததும் அதே கேள்வி. எனக்கு மனசு கேட்கவில்லை. "காரமே இல்லண்ணா, சப்புனு கீது" என்றேன். காரத்தில் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

அவர் முகம் சுண்டிப்போனது. "பொய் சொல்லாத. நீ காரம்னு சொன்னாதான் நான் துன்ன மாதிரி இருக்கும்."

அந்தப் பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு எனக்கு ஷிப்ட் மாறியது, ரயிலும் மாறியது. இன்றும் எங்காவது மிளகாய் பஜ்ஜியைக் கடித்தால், நாக்கு எரிந்ததும் நிமிர்ந்து பார்க்கிறேன். யாரும் கேட்பதில்லை. "காரம்தாண்ணா" என்று நானாகவே சொல்லிக்கொள்கிறேன்.