சிவப்பு ஒயர்

ஒயர் மாமா என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். டிவியின் பின்பக்கம் கையை விட்டுத் தடவியே எந்த ஓட்டை எதற்கென்று சொல்லிவிடுவார். மஞ்சள் படத்துக்கு. வெள்ளை இடது பக்கச் சத்தத்துக்கு, சிவப்பு வலது பக்கத்துக்கு. பழைய வீடியோ டேப்புகளை டிஸ்க்கில் ஏற்றித் தருவதுதான் தொழில். ஏற்றி முடித்த டேப்பை அழித்துவிட்டு அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்வார்.

வாடிக்கையாளர்களிடம் பேசுவதெல்லாம் அவர் மனைவி. அப்பப்பா, என்ன வாய்! அவளுக்குக் கடையில் வேறொரு வேலையும் இருந்தது, அவரைத் திட்டுவது. டேப் ஓட்டுகிற மெஷினில் சிவப்பு ஒயர் அறுந்து தொங்கிய காலத்தில் தினமும் ஆரம்பிப்பாள்.

“அந்தச் செவப்ப மாத்தித் தொலைங்களேன்.”

“ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்தான்டி. வெள்ளை ஒண்ணு போதும். நைநைங்காதே.”

பெரும்பாலான டேப்புகளுக்கு அது போதுமாகவும் இருந்தது.

போன வருஷம் அவள் தொண்டையில் கட்டி வந்தது. பாழாய்ப்போன கட்டி! உயிரைக் காப்பாற்ற டாக்டர்கள் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அத்தனை பேசியவள் இப்போது போனில் தட்டித் தட்டிக் காட்டுகிறாள். வீடு வீடாகவே இல்லை.

ஒருநாள் தட்டிக் காட்டினாள்: ‘என் குரலை ஒரு தடவை கேக்கணும்.’

அவள் குரல் பதிவாகியிருந்தது ஒரே இடத்தில்தான். மகளின் முதல் பிறந்தநாள். புது மைக் ஒன்றை வாங்கி கேமராவில் சொருகி அவரே எடுத்தது. டிஸ்க்கில் ஏற்றியதோடு சரி, பீரோவில் போட்டார்கள். சொந்த வீட்டுப் படத்தை யார்தான் உட்கார்ந்து பார்க்கிறார்கள்!

புது டிவியில் மூன்று வண்ண ஓட்டைகளே கிடையாது, படமும் சத்தமும் சேர்ந்து போகிற ஹெச்டிஎம்ஐ மட்டும்தான். மாமா நடுவில் ஒரு கன்வெர்ட்டர் பெட்டியை வைத்து, பழைய பிளேயரின் மூன்று ஒயர்களையும் அதில் சொருகினார். அவள் நாற்காலியை டிவிக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

படம் வந்தது. மடியில் குழந்தையோடு அவள் வாய் ஓயாமல் பேசுகிறாள். ஆனால் ஒரு சத்தமும் இல்லை.

ஒயர்களைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினார். வேறு டிஸ்க் போட்டார், அது நன்றாகவே பாடியது. திரும்ப இதைப் போட்டார். ஊமைப்படம்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த மைக் வலது பக்கத்தில் மட்டும் பதிகிற மைக். வலது பக்கச் சத்தம் சிவப்பில்தான் வரும். இதை ஏற்றியது சிவப்பு அறுந்து கிடந்த காலத்தில். கடையில் இவள் பேச்சே போதுமென்று டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருந்ததால் ஏற்றும்போதும் தெரியவில்லை. டேப்பையோ வழக்கம்போல மறுநாளே அழித்துவிட்டார்.

“ஒயர்ல ஏதோ கோளாறு. நாளைக்குப் பாத்துடறேன்” என்றார்.

அவளும் அதே கடையில் காலம் தள்ளியவள்தானே. எழுந்து போய், பிளேயரிலிருந்து சிவப்பு ஒயரை உருவி அவர் கையில் வைத்தாள். போனை எடுக்கவில்லை.

வாய்க்கு வந்தபடி அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் திரும்பி உட்கார்ந்து, படம் முடியும்வரை தன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.